நார்மல்னா எவ்ளோ நார்மல்?

சர்க்கரைக்காரங்க காலில் நரம்பு உணர்ச்சியைச் சோதிக்க, 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைத் (ஸ்கூல்ல படிச்ச இசைக்கவைதான்) தட்டி கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள். "அதிருதா?" "ஆமா." ரிப்போர்ட்டில் 'நார்மல்'. முடிஞ்சது!

மக்களே, எவ்ளோ பலமா தட்டினாங்கன்னு யார் அளந்தது? ஓங்கித் தட்டினால் பாதி மரத்த காலும் பாஸ் ஆகலாம். அப்பாவை ஆறு மாச இடைவெளியில் ரெண்டு பேர் பார்த்து ரெண்டு விதமா எழுதினாங்க. மாறினது நரம்பா, தட்டின கையா?

ரைடல்-சைஃபர் கவையில் 0 முதல் 8 வரை அளவு உண்டு. அதிர்வு அடங்கிவர, உணர்வு நிற்கும் இடத்தின் எண்ணைக் குறிச்சா போதும். தட்டின பலம் பெரிசா பாதிக்காது. பயோதீசியோமீட்டரோ வோல்ட்டில் சொல்லும். 25ஐத் தாண்டினால் காலில் புண் வரும் அபாயம் அதிகம்.

வயசானா இந்த உணர்வு தானாவே குறையும். அதனால 'நார்மல்' போதாது டாக்டர்களே, எண்ணை எழுதுங்க. அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேணும்ல?