விவசாயிக்கும் ஓய்வுகாலக் கணக்கு வேண்டும்

கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம் 1971இல் அமைந்தது. அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கிற்று. அதிலிருந்து சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், வாயலூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் ஒரு வேறுபாட்டைக் கண்டு வருகிறார்கள். சம்பளக்காரர் அறுபது வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் சேமநல நிதியோ பென்ஷனோ கைக்கு வருகிறது. அதே வயதுள்ள விவசாயி வயலில் தண்ணீர் பாய்ச்சிக் கொண்டிருக்கிறார். உடம்பு ஒத்துழைக்காத நாளில் பிள்ளையின் கையை எதிர்பார்க்க வேண்டும். இல்லையேல் நிலத்தை விற்க வேண்டும். கடற்கரைச் சாலையோரம் மனைக்கு நல்ல விலை கிடைக்கும் இந்த வட்டாரத்தில், விற்றுவிடும் ஆசைக்குக் குறைவில்லை.

முதுமைக்கான சேமிப்பு என்றாலே வரிச் சலுகைதான் பேசப்படுகிறது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால், இது தங்களுக்கு ஆகாத பேச்சு என்று விவசாயிகள் ஒதுங்கிவிடுகிறார்கள். அது பாதி உண்மையே.

பி.பி.எப். எனப்படும் பொது சேமநல நிதி 1968 முதல் நடைமுறையில் உள்ளது. தபால் நிலையத்திலும் வங்கியிலும் யாரும் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகம் போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டலாம். தவணைக் காலம் 15 ஆண்டு. வீட்டு வாடகை, கடை, சம்பளம் என வேறு வருமானம் உள்ள குடும்பத்துக்குப் பழைய வரிமுறையில் கட்டிய தொகைக்குக் கழிவு உண்டு. புதிய வரிமுறையில் அந்தக் கழிவு இல்லை. ஆனால் இரண்டிலும் வட்டிக்கு வரி கிடையாது.

விவசாயிக்கு இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. கடனுக்காகக் கோர்ட்டு உத்தரவின் பேரிலும் இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. மழை பொய்த்துக் கடன் ஏறிய வீட்டில் முதுமைக்காக வைத்த பணமாவது மிஞ்சும். ஆண்டுத் தொடக்கத்தில் 12,000 ரூபாய் வீதம் 15 ஆண்டு கட்டினால், 7.1 சதவீத வட்டியில் சுமார் மூன்றேகால் லட்சம் சேரும். கட்டிய தொகையோ 1,80,000 மட்டுமே. அவசரத்துக்கு ஏழாம் ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொள்ளவும் வழி உண்டு.

சிறு, குறு விவசாயிகளுக்கென்றே 2019 செப்டம்பரில் மத்திய அரசு பிரதமரின் கிசான் மான்தன் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஏக்கர் வரை சாகுபடி நிலம் உள்ள, 18 முதல் 40 வயது வரையுள்ளோர் சேரலாம். வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்ட வேண்டும். அதே அளவு தொகையை அரசும் செலுத்துகிறது. அறுபது வயது முதல் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். 29 வயதில் சேருபவர் மாதம் 100 ரூபாய் வீதம் 31 ஆண்டுகளில் 37,200 ரூபாய் கட்டுவார். பதின்மூன்றே மாதப் பென்ஷனில் அந்தத் தொகை கைக்குத் திரும்பிவிடும். பி.எம். கிசான் உதவித் தொகையிலிருந்தே இதைப் பிடித்துக் கொள்ளச் சொல்லலாம். மனைவியும் தனியே சேரலாம்.

நில ஆவணத்தில் பெயரில்லாத குத்தகைதாரர்களும் கூலித் தொழிலாளர்களும் 2015இல் வந்த அடல் பென்ஷன் திட்டத்தைப் பார்க்கலாம். வருமான வரி கட்டாதவர்களுக்கு உரியது அது. 30 வயதில் மாதம் 577 ரூபாய் கட்டத் தொடங்கினால் அறுபதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் கிடைக்கும். அவருக்குப் பின் அதே தொகை மனைவிக்கும் உண்டு.

எல்லாம் சரி, குறை எங்கே? இரண்டு பென்ஷன் திட்டங்களிலும் 40 வயதோடு கதவு அடைபடுகிறது. இன்று ஏர்க்காலைப் பிடித்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போன பிறகு நிலத்தைக் காப்பவர்களும் அவர்களே. அவர்களைச் சேர்க்காத திட்டம் பாதி வயலுக்கு மட்டும் பாய்ச்சிய தண்ணீர் போன்றது. சற்றுக் கூடுதல் சந்தா வாங்கிக் கொண்டாவது 50 வயது வரை சேர அரசு அனுமதிக்க வேண்டும். இன்றைய 3,000 ரூபாய் முப்பது ஆண்டு கழித்து மளிகைக் கடனுக்கும் போதாது. விலைவாசியோடு பென்ஷனும் உயர வழி செய்ய வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பயிர்க்கடன் கொடுக்கும் போதே இவற்றை எடுத்துச் சொல்லலாம்.

அரசு செய்யும் வரை விவசாயிகள் காத்திருக்கத் தேவையில்லை. நாற்பதுக்கு உட்பட்ட மகனையும் மருமகளையும் இந்த ஆண்டே பென்ஷனில் சேர்த்துவிடலாம். வயது கடந்தவர் பி.பி.எப். கணக்கைத் தொடங்கலாம். சம்பா அறுவடையானதும் சாப்பாட்டுக்கு எடுக்கும் முன் விதை நெல்லை ஒதுக்கி வைப்பது குடியானவரின் வழக்கம். நெல் விற்ற பணத்திலும் முதுமைக்கான பங்கை அப்படியே முதலில் ஒதுக்கிவிட்டால், கடைசிக் காலத்தில் நிலம் விற்பனைக்குப் போகாது.