முத்திரையை வாசிக்க ஒருவர் வேண்டும்

கிணற்று நீர் உவர்ந்துபோன ஊரிலே, பவுசர் வரும் நாளை எண்ணி வாளியும் குடமுமாகக் காத்திருப்பதைக் காட்டிலும், கனடாவிலும் சுவிற்சர்லாந்திலுமுள்ள உறவினர் சேர்த்தனுப்பிய பணத்தைக்கொண்டு நன்னீராக்கும் பொறியொன்றைச் சீனாவிலிருந்து நேரே தருவித்துவிடலாம் என்று யாழ்ப்பாணத் தீவகத்து இறுப்பிட்டி அன்பர்கள் சிலர் எண்ணியதில் யாதொரு பிழையுமில்லை. கொழும்புத் தரகருக்குச் செல்லும் கமிஷனும் மிச்சம். ஆயினும், அவர்கள் கைத்தொலைபேசியில் நமக்குக் காட்டிய விலைப்பட்டியலைக் கண்டபோது மனம் சற்றே துணுக்குற்றது. மேலே ஆங்கிலத்தில் ‘இன்ரநஷனல்’, ‘ரெக்னோலஜி’ என்ற சொற்கள் கோத்த நீண்ட பெயர். கீழே ஆங்கில எழுத்துகளாலேயே ஆன நீல முத்திரை. நூற்றுக்கு முப்பது முற்பணத்தைத் தனிமனிதர் ஒருவரின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புமாறு ஒரு வேண்டுகோள். சீனாவிலிருந்து வந்த அந்தத் தாளிலே சீன எழுத்து ஒன்றுகூட இருக்கவில்லை.

இரண்டு பரப்புக் காணி வாங்குவதற்கு நொத்தாரிசிடம் நடையாய் நடந்து, பழைய உறுதிகளையெல்லாம் கிண்டிக் கிளறி, காணிப் பதிவகத்திலே தேடுதல் செய்வித்த பின்னரே கைச்சாத்திடும் நம்மவர், கடல் கடந்த ஓர் ஆசாமிக்கு அந்தக் காணியின் விலையையொத்த தொகையை ஒரு படத்தை நம்பி அனுப்பத் துணிவது எங்ஙனம் என்பதே நம் வியப்பு. சீனச் சட்டத்தின்படி அந்நாட்டுக் கம்பனியொன்றின் பதிவுபெற்ற பெயர் சீன எழுத்தில் உள்ள பெயரேயன்றி வேறன்று. ஆங்கிலப் பெயர், வியாபார சௌகரியத்துக்காக அவர்கள் தாமே சூட்டிக்கொள்வது. ஊரிலே ஒருவரை வீட்டுப்பெயரால் அழைக்கிறோம். அந்தப் பெயரில் உறுதி முடிக்க எந்த நொத்தாரிசு சம்மதிப்பார்?

உண்மையான கம்பனியாயின், அதன் வியாபார அனுமதிப் பத்திரத்திலே பதினெட்டு இலக்கங்களும் எழுத்துகளும் கொண்ட குறியீடு ஒன்று இருக்கும். 2015 முதல் நடைமுறைக்கு வந்த இக்குறியீடு சாதாரணக் கம்பனிகளுக்கு 91 என்று தொடங்கும். அடுத்த ஆறு இலக்கங்கள் பதிவான பிரதேசத்தைக் காட்டும். கடைசி எழுத்து முன்னவற்றைக் கணக்கிட்டுப் பெறப்படும் சோதனை எழுத்தாதலால், மனம்போனபடி புனைந்த குறியீடு பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும். நமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் பதிவான தனியார் கம்பனிக்கு ‘பி.வி.’ இலக்கம் இருப்பதுபோல என்று கொள்ளலாம். சீனச் சந்தை ஒழுங்குமுறை நிருவாகம் நடத்தும் பகிரங்கப் பதிவேட்டிலே இக்குறியீட்டை இட்டால், ஒரு சதமும் செலவின்றி, கம்பனியின் சட்டப் பிரதிநிதி யார், பதிவு மூலதனம் எவ்வளவு, தொடங்கிய நாள் எது, செய்ய உரித்தான தொழில்கள் எவை, ஒழுங்கீனமானவை என்ற பட்டியலில் அதன் பெயர் ஏறியுள்ளதா என்பனவெல்லாம் தெரியவரும். தொழிற்சாலை தமக்குச் சொந்தம் என்று கூறியவர் வெறும் விற்பனைக்காரர் என்பதும் சில வேளைகளில் அங்கேதான் வெளிப்படும். ஹொங்கொங்கில் பதிவானதென்றால் அதற்கு வேறு பதிவகம், வேறு இலக்கம், இரண்டையும் குழப்பலாகாது.

காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கும், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கல்வெட்டை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழி உண்டு. ஆனால் சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை கூற, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குக் கூற, பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. அனுப்பியவரின் கருத்து நல்லதே. அதில் வஞ்சகம் எதுவுமில்லை. எனினும், தமிழை மட்டும் வாசித்தவர் சீனத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று அறிந்திரார். ஆறு நூற்றாண்டுக்குப் பின்னரும் நாம் அதே நிலையில்தான் நிற்கிறோம்.

இவ்வளவும் சொல்லும்போது, சீனாவென்றாலே சந்தேகம் என்ற பேச்சுக்கு நாம் உடந்தையாக மாட்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றும் சூரியனும் சேர்ந்த மின்திட்டத்தை ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் அமைக்கும் வேலை 2021 ஜனவரியில் சினோசோர்–எடெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கிடைத்ததும், இந்தியா ஆட்சேபித்ததும், அவ்வாண்டு டிசெம்பரிலே ‘மூன்றாம் தரப்பின்’ பாதுகாப்புக் கவலையைக் காரணங்காட்டி வேலை இடைநிறுத்தப்பட்டதும், 2024 மார்ச்சில் அது இந்திய நன்கொடையோடு பெங்களூர் நிறுவனமொன்றுக்குப் போனதும் தீவார் அனைவரும் அறிந்த கதை. அக்காலத்திலே சங்கக் கடை வாசலிலும் குறிகட்டுவான் இறங்குதுறையிலும் நடந்த தர்க்கமெல்லாம் எந்த நாட்டுக் கொடி என்பது பற்றியே. சீனத் தூதுவர் வேட்டி கட்டி நல்லூருக்கு வந்த படத்தை வைத்து எழுந்த ஆரவாரத்திலே பத்தில் ஒரு பங்கேனும், அந்நிறுவனங்களின் பத்திரங்களைக் கேட்டு எழவில்லை. கொடியைப் பார்த்துப் பயப்படுவது சுலபம். தாளை வாசிப்பதற்கோ பிரயாசை வேண்டும்.

பதிவு இருந்தால் எல்லாம் சுபம் என்று கொள்வதும் பேதைமை. சிங்டாவோ சீவின் பயோரெக் என்ற சீனப் பசளைக் கம்பனியும் பதிவுபெற்ற நிறுவனமே. 2021இல் ஹிப்போ ஸ்பிரிற் கப்பலில் அது அனுப்பிய 20,000 தொன் சேதனப் பசளையின் மாதிரிகளில் தீய நுண்ணுயிர் இருப்பதாக நமது தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை கூறியது, நிறுவனம் மறுத்தது. நீதிமன்றம் பணத்தைத் தடுக்க, சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க, ஈற்றில் 2022 ஜனவரியில் ஏறத்தாழ 69 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. பசளை மட்டும் நமது மண்ணுக்கு வந்து சேரவில்லை. பொருளைக் கப்பலேற்றுமுன் பரிசோதிப்பது வேறு, ஆளை அறிவது வேறு. ஆனால் எதிராளி பதிவுள்ள ஒருவராக இருந்தாலன்றி வழக்காடவும் வழியில்லை.

இறுப்பிட்டிக்கு எதிர்க்கரையிலே, நயினாதீவு அம்மன் கோவிலில், பராக்கிரமபாகு மன்னனின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம் ஒன்றுண்டு. பரதேசிகள் ஊராத்துறையிலேயே வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் காற்பங்கும் சரக்கு மரக்கலமானால் பாதியும் பண்டாரத்துக்கு என்று அது வகுத்தது. அந்நிய வியாபாரி எத்துறையில், எம்முறையில் வருவானென்பதை வரையறுப்பது அரசின் கடமை என்பது அன்றைய அபிப்பிராயம். இன்றோ அக்கடமை கமக்காரன், கடற்றொழிலாளி, சனசமூக நிலையத்துத் தனாதிகாரி ஆகியோரின் தலையில் விழுந்திருக்கிறது. சீனக் கம்பனிக்குத் தந்திமாற்று அனுப்பும் ஒவ்வொரு வங்கியும், சீனப் பெயரையும் பதினெட்டு எழுத்துக் குறியீட்டையும் பெற்று, பணம் பெறும் கணக்கு அப்பெயரிலேயே இருக்கிறதாவென்று பார்க்காமல் அனுப்பக்கூடாதென மத்திய வங்கி கட்டளையிட வேண்டும். களனியில் சீனமொழி படித்து வெளியேறும் பிள்ளைகளுள் ஒருவரையாவது யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலே அமர்த்தி, கட்டணமின்றிப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் செய்வதற்கு எத்தனை இலட்சம் வேண்டும்? வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவோரும், பற்றுச்சீட்டைக் கேட்குமுன் இந்தக் குறியீட்டைக் கேட்கலாம்.

நமது அன்பர்கள் முற்பணத்தை அனுப்பவில்லை. அனுமதிப் பத்திரத்தைக் கேட்டு எழுதினார்கள். நான்காம் நாள் அதன் படம் வந்தது, நடுவிலே நட்சத்திரமிட்ட வட்டமான செம்முத்திரையோடு. மெய்யாகவும் இருக்கலாம். தொலைபேசியின் மொழிபெயர்ப்பு அதற்கு மூன்று தடவை மூன்று விதமாகப் பெயர் சொல்லிவிட்டதால், அதை வாசித்துச் சொல்ல யாழ்ப்பாணத்திலே ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.