கைப்பேசியிலும் ஒரு சந்தை

கீரை சாகுபடியில் லாபமும் நஷ்டமும் ஒரே நாளில் முடிவாகிவிடும். விடியற்காலையில் பறித்த கட்டு அன்றே விலைபோகாவிட்டால் மறுநாள் மாட்டுக்குத்தான் ஆகும். பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரங்களில், வீட்டுமனைகளுக்கு நடுவே எஞ்சியுள்ள நிலத்தில் கீரையும் காய்கறியும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு இது தெரியாததல்ல. ஆனால் பட்டணத்தின் வாசலிலேயே நிலம் இருந்தும், இவர்களில் பலருக்குத் தெரிந்த வியாபாரி ஒரே ஒருவர்தான். அவர் சொல்வதே விலை.

ஒரே வாசலை நம்பியிருப்பதன் ஆபத்தை 2020-ஆம் ஆண்டு காட்டியது. கொரோனா பரவியதால் மே 5-ந் தேதி கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டது. திருமழிசையில் தற்காலிக மார்க்கெட் தொடங்கியது மே 11-ந் தேதி. இடைப்பட்ட நாட்களுக்குக் கீரை காத்திருக்குமா? கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் திரும்பத் தொடங்கச் செப்டம்பர் 28 ஆயிற்று. இத்தகைய நேரத்தில் கைகொடுப்பது முன்கூட்டியே தேடி வைத்த பழக்கம்தான்.

அந்தப் பழக்கத்தைத் தேட இன்று கைப்பேசி உதவுகிறது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் 1,024 பேர் வரை சேரலாம். ஆயினும் அத்தனை பேர் தேவையில்லை. பக்கத்து ஊர் விவசாயிகள், கடைக்காரர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார், தொழிற்பேட்டை உணவகங்களுக்குக் காய்கறி வாங்குவோர் என்று நாற்பது பேர் இருந்தாலே போதும்.

செய்தி பரவினால் உழவன் வலுப்பெறுவான் என்பது புதிய உண்மையல்ல. 1960-களில் வானொலி வழியே தஞ்சைத் தரணியில் பரவிய ஆடுதுறை 27 நெல்லை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். 2012-இல் மகாராஷ்டிர மாநிலம் சாங்லியில் மஞ்சள் விலை சரிந்தபோது, விவசாயிகள் ஃபேஸ்புக் மூலம் பேசி ஒன்றுபட்டு ஏலத்தைப் புறக்கணித்தனர். வானொலி விவசாயியிடம் பேசியது. கைப்பேசியிலோ விவசாயியும் பேசலாம்.

ஆனால் குழுவில் சேர்ந்தால் மட்டும் போதாது. காலை வணக்கப் படங்களால் கீரை விற்காது. 'அரைக்கீரை, 200 கட்டு, நாளை காலை 6 மணி, கட்டு இன்ன விலை' என்று தெளிவாக எழுத வேண்டும். படத்தில் காட்டிய தரமே கையில் சேர வேண்டும். சொன்ன நேரத்துக்குச் சரக்கு போகாவிட்டால், முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும். ஒருமுறை வாக்குத் தவறினால் அது நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும்.

பூச்சி, நோய் பற்றிக் கேட்கும்போது இலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புவது நல்லது. யாரோ அனுப்பிய மருந்துக் குறிப்பை அப்படியே பின்பற்றக் கூடாது. நாம் தெளிக்கும் மருந்து கீரை வழியே குழந்தைகளின் வயிற்றுக்குப் போகிறது. திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணிலோ கேட்டுத் தெளிந்த பிறகே தெளிக்க வேண்டும். பண விஷயத்திலும் கவனம் தேவை. பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதுவும் அழுத்த வேண்டியதில்லை. அழுத்தச் சொல்பவர் ஏமாற்றுக்காரர்.

மண்டிக்காரரை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதல்ல. அவசரத்துக்கு முன்பணம் தருபவரும் மொத்தச் சரக்கையும் எடுப்பவரும் அவரே. ஆனால் பத்தில் இரண்டு பங்கு கட்டுகளுக்காவது வேறு வாசல் இருந்தால், மீதி எட்டுக்கும் விலை பேசும் தைரியம் வரும்.

கைப்பேசி இல்லாத பக்கத்து வயல்காரரின் சரக்கையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். ஒருவரிடம் 200 கட்டு இருந்தால் அது சில்லறை. ஐந்து பேர் சேர்ந்து 1,000 கட்டு என்றால், வாங்குபவர் வண்டியோடு வயலுக்கே வருவார்.