உஸ்தாதின் பெயர்

லக்னோவின் பழைய வாழ்க்கையை எழுதிவைத்த அப்துல் ஹலீம் ஷரர் ஒரு சமையற்காரரின் கதையைச் சொல்கிறார். நவாப் ஆசஃப் உத் தௌலாவிடம் வேலை கேட்டு வந்தவர் அவர். பருப்பு மட்டும்தான் சமைப்பேன் என்றார். சம்பளம் 500 ரூபாய் கேட்டார். பருப்பு தயார் என்று சொல்லி அனுப்பியதும் நவாப் எழுந்து வந்துவிட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். ஒருநாள் நவாப் பேச்சு சுவாரசியத்தில் உட்கார்ந்துவிட்டார். திரும்பத் திரும்ப ஆள் அனுப்பியும் எழவில்லை. சமையற்காரர் பருப்பைப் பட்டுப்போன ஒரு மரத்தின் வேரில் கொட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். சில நாளில் அந்த மரம் துளிர்த்ததாம்.

அத்தனை கைத்திறனும் தன்மானமும் கொண்டவரின் பெயர் கதையில் இல்லை. நவாபின் பெயர் இருக்கிறது. இந்தியச் சமையல் வரலாறு முழுவதும் இப்படித்தான். உணவுக்கு அரண்மனையின் பெயர் உண்டு, ஊரின் பெயர் உண்டு, சமைத்தவரின் பெயர் கிடையாது. அந்த வழக்கம் உடைந்த இடத்தில் நிற்பவர் இம்தியாஸ் குரேஷி. 1931இல் லக்னோவில் பிறந்து, 2024 பிப்ரவரியில் 93 வயதில் மறைந்தார்.

இறைச்சித் தொழில் செய்த குடும்பம். சிறுவயதிலேயே உறவினரின் அடுப்படிக்குப் போனார். இளமையில் மல்யுத்தமும் உண்டு. அந்த உடற்கட்டும் பெரிய வெள்ளை மீசையும் கடைசிவரை அவருக்கு அடையாளம். 1962 சீனப் போரின்போது வீரர்களுக்குச் சமைத்துப்போட்ட லக்னோ கேட்டரிங் நிறுவனத்தில் அவரும் வேலை பார்த்தார். உத்தரப்பிரதேச முதலமைச்சர் சி.பி.குப்தா பிரதமர் நேருவுக்கு அளித்த விருந்து பற்றிய கதை பலமுறை சொல்லப்பட்டது. குப்தா சைவம். அதனால் மேசைக்கு வந்த மீனும் கபாபும் பார்வைக்கு மட்டுமே மீனும் கபாபுமாக இருந்தன. உள்ளே இருந்ததெல்லாம் காய்கறி. ஒன்றை இன்னொன்றாகக் காட்டி விருந்தாளியை ஏமாற்றுவது லக்னோ நவாபுகள் ஆண்ட அவத்தின் அரண்மனைச் சமையற்காரர்களின் பழைய விளையாட்டு. ஷரர் அதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். 1856இல் ஆங்கிலேயர் அவத்தின் கடைசி மன்னர் வாஜித் அலி ஷாவை அகற்றி, அவர் கல்கத்தாவுக்குப் போனபின் அரண்மனை அடுப்புகள் அணைந்தன. வித்தை மட்டும் கைமாறிக் கைமாறி இந்த இளைஞரிடம் வந்து சேர்ந்திருந்தது.

ஐடிசி நிறுவனம் ஓட்டல் தொழிலில் இறங்கியது 1975இல், சென்னையில். சோழா ஓட்டல் அதன் முதல் விடுதி. அடுத்த சில ஆண்டுகளில் டெல்லியில் மௌரியா திறந்தது. அதுவரை நம் பெரிய ஓட்டல்களில் கௌரவமான சமையல் என்றால் பிரெஞ்சுச் சமையல்தான். இந்திய உணவு ஓரத்தில் கிடந்தது. தெருவிலும் கல்யாண வீட்டிலும் அண்டா கிண்டியவரை ஐந்து நட்சத்திரச் சமையலறைக்கு உஸ்தாதாக, அதாவது ஆசானாக, அழைத்துவர ஒரு நிர்வாகத்துக்குத் துணிச்சல் வேண்டும். இம்தியாஸை அழைத்து ஐடிசி அதைச் செய்தது. அந்த நன்றியை மறைக்கக் கூடாது.

மௌரியாவில் 1980களின் இறுதியில் வந்த தம்புக்த் உணவகம் இம்தியாஸின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அடி கனத்த பாத்திரத்தில் இறைச்சியை அடுக்கி, மூடியின் விளிம்பைப் பிசைந்த மாவால் அடைத்து, கீழே சிறு தணலும் மூடிமேல் கொஞ்சம் கங்குமாக விட்டுவிடுவது தம். நம்மூர் பிரியாணி மாஸ்டர்கள் தம் போடுவதும் இதே முறைதான். 1784 பஞ்சத்தில் பெரிய இமாம்பாரா கட்டிய கூலிகளுக்கு இரவு பகலாகச் சமைத்தபோது ஆசஃப் உத் தௌலா இதைக் கண்டெடுத்தார் என்று ஓட்டல்காரர்கள் சொல்வார்கள். அழகான கதை, ஆனால் நம்ப முடியவில்லை: அக்பர் காலத்து நூலான அயினி அக்பரியிலேயே தம்புக்த் இருக்கிறது. இங்கேயும் பெருமை நவாபுக்கே போகிறது, பார்த்தீர்களா? அடைத்த பாத்திரத்தைத் திறந்து உப்பு பார்க்க முடியாது. ஆவி வரும் விதமும் மணமும் சொல்வதைக் கேட்டுத்தான் இறக்க வேண்டும். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. உஸ்தாதின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவனுக்கே கிடைக்கும்.

சமையற்காரருக்குப் பெயர் கிடைத்த அதே காலத்தில் பெயர் சரக்காகவும் மாறியது. மௌரியாவின் இன்னோர் உணவகமான புகாரா நியூயார்க்கில் 1986இல் கிளை திறந்து 1991இல் மூடியது. பின்னாளில் அங்கே புகாரா கிரில் என்று ஓர் உணவகம் வந்தது. அதை நடத்தியவர்களில் பழைய புகாராவில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். ஐடிசி வழக்குப் போட்டது. அமெரிக்காவில் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டதால் அங்கே உரிமை இல்லை என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி கேள்வி வணிகப்பெயர் பற்றியது. எனக்கு உறுத்துவது வேறு: ஒரு சமையற்காரர் இருபது ஆண்டு ஒரே அடுப்பில் நின்று ஒரு ருசிக்கு உருவம் கொடுத்தால், அதில் அவருக்கு என்ன சொந்தம்? நம் நாட்டில் இதற்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை. நிறுவனத்துக்குப் பலகை, சமையற்காரருக்குச் சம்பளம் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

1993இல் ஜீ டிவியில் சஞ்சீவ் கபூரின் கானா கஸானா வந்தபின் புகழின் வழியே மாறியது. ஓட்டல் மேலாண்மை படித்தவர், சிரித்த முகம், வீட்டுப் பெண்கள் குறித்துக்கொள்ளும்படி அளவு சொல்பவர். அதுவும் பெரிய தொண்டு. சமையல் ரகசியமல்ல என்று லட்சக்கணக்கான வீடுகளுக்குக் காட்டினார். இம்தியாஸ் மறுகரை. பிடி, சிட்டிகை, கண் பார்வை என்று அளந்தவர். அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ, கபூருக்கு 2017இல். வீட்டுச் சமையலைக் கற்றுத்தந்த தர்லா தலாலுக்கு 2007இலேயே கிடைத்திருந்தது. ஓட்டல் அடுப்படியிலிருந்து அந்த விருதுக்கு முதலில் போனவர் இம்தியாஸ்தான். அப்போது அவருக்கு 85 வயது. அவ்வளவு காத்திருக்க வைத்திருக்க வேண்டியதில்லை.

அவருடைய மகன்களும் மருமகனும் பெரிய சமையலறைகளில் புகழ்பெற்றார்கள். குடும்பத்துக்குள் வித்தை பிழைத்தது. வெளியே அதே லக்னோ தெருக்களில் விடிய விடிய நிஹாரி என்ற இறைச்சிக் குழம்பின் அண்டா காப்பவர்கள் இன்னும் பெயரில்லாதவர்களே. 2025 அக்டோபர் இறுதியில் யுனெஸ்கோ லக்னோவை உணவுக்கலைக்கான படைப்பு நகரமாக அறிவித்தது. நகரத்துக்குக் கிடைத்த இந்தக் கௌரவத்தோடு உத்தரப்பிரதேச அரசும் அங்குள்ள பல்கலைக்கழகங்களும் ஒரு வேலையைக் கையிலெடுக்க வேண்டும்: சௌக்கிலிருந்து காக்கோரி வரை அடுப்படி அடுப்படியாகப் போய், யார் யாரிடம் எதைக் கற்றார் என்று பெயரோடு பதிவு செய்வது. இம்தியாஸின் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது, அவர்களிடம் கற்றவர்களுக்கும் நரைத்துவிட்டது.