அவரைக் கொன்றது யார்?

இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரலைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. அவர் செத்த விதத்தைப் பற்றிப் பேச ஒரு வாயும் திறக்க மாட்டேன் என்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டேன். இனிமேல் முடியாது.

செப்டம்பர் வந்தால் போதும், அவர் குரல் தேன், பேச்சு மின்னல், அவரைப் போல் இன்னொருவர் பிறந்துதான் வரவேண்டும் என்று உருகுகிறீர்கள். பழைய பாட்டு ஒன்றைப் போடுகிறீர்கள். எல்லாம் சரி, எங்களுக்குத் தெரியாததா அது? ஆனால் 1994 செப்டம்பரில், கொழும்பில், அந்த மனுஷனைக் கொன்று கடற்கரையில் போட்டார்களே, அந்த இடம் வரும்போது மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறீர்களே, எப்படி ஐயா மனசு வருகிறது? யார் செய்தது? எதற்குச் செய்தது? எவனாவது கூண்டில் ஏறினானா? ஏறினான் என்று இந்தக் கரையில் ஒருவருக்கும் சேதி வரவில்லையே!

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். அவருக்கு நான் உறவில்லை. நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. கேட்க உனக்கென்ன உரிமை என்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் தெருவில் முதல் ரேடியோ சொல்தா வீட்டில்தான் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர், சைகோனிலிருந்து கொண்டு வந்த பெட்டி. திண்ணையில் வைத்துத் திருப்பினால் தெருவே கூடும். எங்கள் ஊருக்கென்று வானொலி நிலையம் 1967-இல்தான் வந்தது. அதற்கு ரொம்ப முன்னாலேயே இலங்கை வானொலி வந்துவிட்டது. தில்லியில் கேஸ்கர் என்று ஒரு மந்திரி இருந்தார். சினிமாப் பாட்டு கேட்டால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று 1952-லிருந்து அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கி வைத்தார். விவித் பாரதி தொடங்கியது 1957-இல். அதற்குள் இந்தக் கடலோரம் முழுக்க முள்ளைத் திருப்பி இலங்கையில் நிறுத்தியாகிவிட்டது. அறிவிப்பாளர் மயில்வாகனம் பெயரை எங்கள் பாட்டியே சொல்வாள். பிறகு ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா. சொந்தக்காரர் பெயர்கள் மறந்துபோகும், இவர்கள் பெயர் மறக்காது.

அப்பா மில்லில் வேலை பார்த்தார். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பூ கட்டிச் சின்னக்கடையில் விற்றுத்தான் எங்களை வளர்த்தாள். அப்பா வாங்கி வைத்துவிட்டுப் போன பழைய டிரான்சிஸ்டர் ஒன்று. அதற்குத் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்டுவதற்கு அவள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். நகையை வைத்தாள். ரேடியோவை விற்கவில்லை. ஏன் விற்கவில்லை? அந்த வீட்டில் ஆம்பளைக் குரல் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு விதவையின் வீட்டுக் கதவைத் தட்ட உறவுக்காரனே யோசிப்பான். ராஜா யோசிக்கமாட்டார். வீட்டுக்கு வீடு ரேடியோ பக்கத்தில் காத்திருக்கும் நேயர்களே என்று அவர் கூப்பிடும்போது எங்கள் வீடும் ஒரு வீடு என்று ஆகிவிடும். இது உங்களுக்குப் புரியுமா? எங்களையும் கணக்கில் வைத்து ஒருவன் வணக்கம் சொல்கிறான், அதுவும் ஒவ்வொரு தடவையும்!

அம்மா நாரைப் பல்லில் கடித்துப் பிரித்து, இரண்டு முல்லை இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் வைத்து முடிச்சுப் போடுவாள். ராஜா பேச ஆரம்பித்தால் அவள் விரல் வேகம் பிடித்துவிடும். அவர் மூச்சு விடாமல் ஒரு படத்தின் பெயர், நடிகர், பாட்டு, எழுதியவர், இசை என்று அடுக்கிக்கொண்டே போக, இவள் விரலும் அவரை விடாமல் துரத்திக்கொண்டே போகும். 'திரை விருந்து' வந்தால் கேட்கவே வேண்டாம். அவர் ஒரு கேள்வி கேட்பார், படத்து வசனம் பதில் சொல்லும். சிவாஜியும் நாகேஷும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரோடு பேசுகிற மாதிரி ஒட்டுவார். அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அந்த நேரத்தில்தான். 'ராஜா தம்பி' என்பாள். தம்பி வந்துட்டாரா, தம்பிக்கு இன்னிக்கு ஜலதோஷம் போல இருக்கே, குரல் கம்முது. இப்படிப் பேசுவாள். உடன்பிறந்த தம்பி ஒருத்தரும் அவளுக்குக் கிடையாது.

ஆகவே எனக்கு உரிமை இருக்கிறது. அவர் எனக்கு மாமன் முறை.

1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. தமிழன் வீடு எது, கடை எது என்று தேடித் தேடிக் கொளுத்தினார்கள். பேப்பரில் படம் வந்தது. அம்மா படம் பார்க்கவில்லை, ரேடியோவைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். இரைச்சல்தான் வந்தது. தம்பி இருக்கிறாரா இல்லையா என்று கேட்க எங்களுக்கு எந்த வாசல் இருந்தது? அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் பெட்டியில் அவர் குரல் அரிதாகிப்போனது. கடலோரம் அகதிகள் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊருக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில் முகாம் வந்தது.

அந்த முகாமிலிருந்து சின்னக்கடைக்கு வருகிற ஒரு யாழ்ப்பாணத்து அம்மாதான் சேதி சொன்னார். பூ வாங்க வரவில்லை, சும்மா நின்றார். "எங்கட கே.எஸ். ராஜாவைக் கொன்று போட்டாங்களாம் அக்கா. கடற்கரையில கிடந்தவராம்." நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்தை நிறுத்தவில்லை. கட்டிக்கொண்டே போனாள். பூ தீர்ந்த பிறகும் வெறும் நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான் கையைப் பிடித்தேன். அப்போதுதான் கத்தினாள், கடைத்தெரு திரும்பிப் பார்க்கிற மாதிரி: "யாருடா கொன்னாங்க? இன்னாத்துக்குடா? அந்தப் புள்ள யாருக்கு இன்னாடா பண்ணுச்சி?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லமுடியாது, அதுவும் எனக்குத் தெரியும். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இலங்கை என்று வாயெடுத்தாலே பக்கத்தில் நிற்பவன் நகர்ந்து போன காலம் அது. முகாமில் இருப்பவர் மூச்சுவிடவும் பயந்தார். அழுவதற்குக்கூட அக்கம்பக்கம் பார்க்கவேண்டிய காலம். ஆனால் அந்தக் காலம் போய்விட்டதே! இப்போது ஏன் நாக்கு எழவில்லை?

நினைத்துப் பாருங்கள், அது என்ன நேரம்? 1994 ஆகஸ்டில் சந்திரிகா குமாரதுங்க பிரதமராகிறார். சமாதானம் வரப்போகிறது என்று கொழும்பும் பேசுகிறது, யாழ்ப்பாணமும் பேசுகிறது. அடுத்த மாதமே இவர் பிணம் கரையில் கிடக்கிறது. எல்லோரும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தபோது இந்த ஒரு மனுஷனைக் கொல்லும் அவசரம் யாருக்கு இருந்தது? துப்பாக்கி வைத்திருந்த எந்தக் கூட்டத்துக்கு மைக் பிடித்தவனிடம் என்ன பயம்?

உடனே ஒரு கூட்டம் கிளம்பும். அவர் இந்த இயக்கத்துக்கு வேண்டியவராம், அந்த இயக்கத்துக்கு வேண்டாதவராம். அவர்கள்தான் கொன்றார்களாம், இல்லை இவர்கள்தான் கொன்றார்களாம். டீக்கடையில் ஆளுக்கொரு கதை. கதை சொல்லி முடித்துவிட்டு, 'சும்மாவா கொல்லுவாங்க, ஏதாவது இருந்திருக்கும்' என்று ஒரு வார்த்தை போடுவார்கள் பாருங்கள், அதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. என்ன இருந்திருக்கும்? இருந்தால்தான் என்ன? ஒருவர் யாரோடு பேசினார், யார் பக்கம் சாய்ந்தார் என்பதற்குக் கொன்று கடலோரத்தில் வீசுவதா கூலி? உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் ஏதாவது இருந்திருக்கும் என்றுதான் சொல்வீர்களா?

ராஜாவோடு நின்றதா இது? இல்லையே. அவருக்கு முன்னால், 1990 பிப்ரவரியில், ரிச்சர்ட் டி சொய்சா. தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர், பத்திரிகைக்காரர். ராத்திரி வீட்டுக்குள் புகுந்து இழுத்துப்போனார்கள், மொரட்டுவைக் கடலோரம் உடல் ஒதுங்கியது. அவர் தாய் மனோராணி சரவணமுத்து, ஒரு தமிழ்ப் பெண்மணி, டாக்டர், மகனுக்காகத் தெருவில் இறங்கினார். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மாரோடு சேர்ந்து நின்றார். 2001-இல் அவர் கண் மூடினார். குற்றம் சாட்டப்பட்ட போலீஸ் அதிகாரிகள் 2005-இல் விடுதலையானார்கள். பெற்றவள் தெருவில் நின்று கேட்டும் அந்தக் கதி.

2000 அக்டோபரில் நிமலராஜன். பி.பி.சி. தமிழோசையில் யாழ்ப்பாணத்துச் சேதியை எங்களுக்குச் சொன்னவர். ஊரடங்கு நேரத்தில், வீட்டில் உட்கார்ந்திருந்தவரைச் சுட்டார்கள். ஊரடங்கில் நடமாட யாருக்கு அனுமதி இருந்தது? அந்தக் கேள்விக்கும் பதில் கிடையாது. 2005 ஆகஸ்ட் 12, ரேலங்கி செல்வராஜா. இலங்கை வானொலியில் பேசிய பெண். பம்பலப்பிட்டியில் புருஷனோடு சேர்த்துச் சுட்டுத் தள்ளினார்கள். அன்று இரவே வெளியுறவு மந்திரி கதிர்காமர் கொல்லப்பட்டார். மந்திரிக்கு உலகம் முழுக்க இரங்கல் வந்தது. அந்த அறிவிப்பாளருக்கு? அவருக்கும் ஒரு தெருவில், ஒரு திண்ணையில், அக்கா என்று சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் இருந்திருப்பார்களே!

அரசாங்கத்து ஆளும் கொன்றான், அரசாங்கத்தோடு ஒட்டியவனும் கொன்றான், அரசாங்கத்தை எதிர்த்தவனும் கொன்றான். எல்லோரும் தமிழன் நன்மைக்கு, நாட்டின் நன்மைக்கு என்றுதான் சொன்னார்கள். எங்கள் அம்மாவுக்கு இதில் என்ன நன்மை வந்தது?

இந்தப் பக்கத்துச் சினிமாக்காரர்களைக் கேட்கிறேன். எத்தனை படத்தை அவர் வாயாலேயே ஓட்டிக்கொடுத்தார்! ரத்னா தியேட்டரில் படம் வரும் முன்னாலேயே கதை, வசனம், பாட்டு எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. அவர் சொல்லி நாங்கள் வரிசையில் நின்றோம். பாட்டெழுதியவர் பெயரை, இசையமைத்தவர் பெயரை மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தானே பாட்டைப் போட்டார்? அவர் பிணம் கரையில் கிடந்தபோது உங்களில் எத்தனை பேர் வாய் திறந்தீர்கள்? ஒரு அறிக்கை? ஒரு கூட்டம்? ஒரு காட்சி நிறுத்தம்? நடந்திருந்தால் முத்தியால்பேட்டையில் பூக்காரி காதுவரை அது வந்திருக்காதா?

வானொலிக்காரர்களே, உங்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். இந்த ஊரிலேயே இப்போது எத்தனை பண்பலை! காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வேகமாகப் பேசுகிற பிள்ளைகள். அந்த வேகம் யார் போட்டுக் கொடுத்த பாதை என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னீர்களா? பிப்ரவரி 13 உலக வானொலி தினம் என்று கேக் வெட்டுகிறீர்கள். பழைய அறிவிப்பாளர்களை நினைவு கூர்கிறோம் என்கிறீர்கள். நினைப்பது என்றால் இனித்ததை மட்டும் நினைப்பதா? அவர் குரலைப் போல மிமிக்ரி செய்து கைதட்டல் வாங்குகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடிவதில்லை, எழுந்து போய்விடுகிறேன். அவர் பேசிய மணிக்கணக்கான பேச்செல்லாம் எங்கே? எனக்குக் கிடைத்ததெல்லாம் சில நிமிஷத் துண்டுகள். யாரோ ஒரு நேயர் ரேடியோ பக்கத்தில் டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது. நடுவில் குழந்தை அழுகிறது, பாத்திரம் விழுகிறது. அந்த ஏழை வீட்டு கேசட் காப்பாற்றிய அளவுக்குக்கூட உங்கள் நிலையங்கள் எதையும் எங்கள் கண்ணில் காட்டவில்லையே!

அம்மா இப்போது இல்லை. கடைசிக் காலத்தில் பல பேரை மறந்துவிட்டாள். என்னையே சில நேரம் யார் என்று கேட்டாள். ராஜா தம்பியை மறக்கவில்லை. "கண்டுபுடிச்சாங்களாடா?" என்று கேட்பாள். என்னத்தைச் சொல்ல? தேடுறாங்கம்மா என்றேன். யாரும் தேடவில்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

இன்று அவர் குரலைப் போட்டுக் கண்ணீர் விடுகிறவர்களே, கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் என்னைப் போல யாரோ ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த செப்டம்பரில் பாட்டைப் போடும் முன்னால் ஒலிபெருக்கியில் இந்த ஒன்றைச் சொல்லுங்கள்: இவரைக் கொன்றார்கள், கொன்றவர் யார் என்று இதுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கொழும்பில் ஆட்சி எத்தனையோ முறை மாறியது, இயக்கங்கள் கட்சிகளாயின, அன்று துப்பாக்கி பிடித்தவன் இன்று பேரப்பிள்ளை எடுத்திருப்பான். அன்று அவரை யார் கூப்பிட்டது, யார் கூட்டிப்போனது, யார் பார்த்துக்கொண்டு நின்றது என்று தெரிந்தவர்கள் கொழும்பிலோ கனடாவிலோ லண்டனிலோ சென்னையிலோ எங்கேயோ இருப்பார்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டே அவர்கள் போய்ச் சேரும் முன்னால் கேளுங்கள்.