விளம்பரத்தைத் தடுப்பது குற்றமா?

வாசலில் நிற்பவர் யாரென்று பார்க்காமல் கதவைத் திறக்காதே என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். ஆனால், இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத பலருக்கு நாம் கதவைத் திறந்து விடுகிறோம். செய்தி படிக்கப் போனவரின் கணினிக்குள் செய்தியோடு விளம்பரமும் நுழைகிறது. அந்த விளம்பரத்தின் முதுகில் ஏறிக்கொண்டு சில வேளைகளில் திருடனும் நுழைகிறான். இதற்கு அஞ்சியே பலர் இன்று விளம்பரத் தடுப்பான்களை நாடுகின்றனர். ‘அது அகப்பக்கம் நடத்துபவரின் வயிற்றில் அடிக்கும் செயல்’ என்கின்றனர் ஒரு சாரார். ‘என் கணினிக்குள் எது நுழையலாம் என்பதை நான்தான் முடிவு செய்வேன்’ என்கின்றனர் மறு சாரார். நான் இரண்டாவது அணியைச் சேர்ந்தவன். என்றாலும், முதல் அணியினரின் கேள்விக்கு, குறிப்பாகத் தமிழ் அகப்பக்கங்களின் கேள்விக்கு, விடை சொல்லாமல் நாம் நழுவிவிட முடியாது.

முதலில் இணைய விளம்பரம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். இந்த ஆண்டு மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு விளம்பரம் கேட்டுச் செயலவை உறுப்பினர்கள் கடை கடையாக ஏறி இறங்கியிருப்பார்கள். புடவைக் கடைக்காரர் யார், உணவகம் எந்தத் தெருவில் உள்ளது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவற்றுள் ஒன்று போலி என்று நாளை தெரிய வந்தால், ‘இதை ஏன் போட்டீர்கள்?’ என்று கழகத் தலைவரிடமே நாம் நேரில் கேட்கலாம். இணைய விளம்பரமும் தொடக்கத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. 1994 அக்டோபரில் ‘ஹாட்வயர்ட்’ என்னும் அமெரிக்க இணைய இதழ், ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனம் உள்ளிட்ட சிலரிடம் பணம் பெற்றுக்கொண்டு தன் பக்கத்தில் பட்டை விளம்பரங்களை வைத்தது. இடத்தை விற்றவருக்கு, வாங்கியவர் யாரென்று தெரியும்.

பின்னர் இடைத்தரகர்கள் வந்தனர். அவர்களுள் பெரியதாக வளர்ந்த ‘டபுள்கிளிக்’ நிறுவனத்தை 2008-இல் கூகுள் 310 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கிக்கொண்டது. இன்று அகப்பக்க உரிமையாளர் பலரும் தம் பக்கத்தில் ஒரு காலி இடத்தை ஒதுக்கி வைப்பதோடு சரி. நாம் பக்கத்தைத் திறந்த கணமே அந்த இடம் ஏலத்திற்குப் போகிறது. நம் கைப்பேசி எந்த வகை, நாம் எந்த வட்டாரத்தில் இருக்கிறோம், நமக்கு எதில் நாட்டம் என்பன போன்ற தகவல்கள் ஏலம் கேட்பவர்களுக்குப் போகின்றன. கண் இமைக்கும் நேரத்தில் ஏலம் முடிந்து, வென்றவரின் விளம்பரம் திரையில் தோன்றுகிறது. அது வெறும் படமன்று. பல வேளைகளில் நம் உலாவிக்குள் இயங்கும் நிரல். எந்த நிரல் வந்தது என்பது அகப்பக்க உரிமையாளருக்கே தெரியாது.

தோட்டத்துப் பின்னணியில் வந்த நமக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கிராணி, கங்காணி, குத்தகைக்காரர் என்று ஒரு சங்கிலி இருந்தது. சம்பளத்தில் குறை என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். இலாபம் மட்டும் மேலே போய்ச் சேரும். பொறுப்பு இடையிலேயே காணாமல் போய்விடும். இணைய விளம்பரச் சங்கிலியும் இப்படித்தான்.

இச்சங்கிலியில் புகுந்து தாக்கியவர்களின் கதைகள் பல உண்டு. 2009 செப்டம்பரில் ‘வோனேஜ்’ என்னும் இணையத் தொலைபேசி நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் நியூயார்க் டைம்ஸ் அகப்பக்கத்தில் விளம்பர இடம் வாங்கினார். முதலில் ஒழுங்கான விளம்பரம் ஓடியது. வார இறுதியில் அது மாறியது. ‘உங்கள் கணினியில் நச்சுநிரல் உள்ளது’ என்று மிரட்டிப் போலிப் பாதுகாப்பு மென்பொருளை விற்கும் அறிவிப்பு வாசகர்களின் திரையில் தோன்றியது. 2013-ஆம் ஆண்டின் இறுதி நாள்களில் தொடங்கி 2014 ஜனவரித் தொடக்கம் வரை யாகூவின் விளம்பர வழங்கிகள் வழியாக ஐரோப்பியப் பயனர்களுக்கு நச்சுநிரல் பரவியது. மணிக்கு ஏறத்தாழ 27,000 கணினிகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நெதர்லாந்தின் ‘ஃபாக்ஸ் ஐ.டி.’ நிறுவனம் மதிப்பிட்டது. அவர்கள் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. கணினியில் பழைய ‘ஜாவா’ மென்பொருள் இருந்து, பக்கம் திறந்தாலே போதும். 2016 மார்ச்சில் பி.பி.சி., நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட பெரிய அகப்பக்கங்களின் விளம்பரங்கள் வழியாக இதே போன்ற தாக்குதல் நடந்தது. ‘நல்ல அகப்பக்கத்திற்கு மட்டும் போ’ என்னும் அறிவுரை போதாது என்பதற்கு இவை சான்று.

அது வெளிநாட்டுக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வீடு துப்புரவு செய்யும் ஓர் உண்மையான நிறுவனத்தின் பெயரில் முகநூலில் போலி விளம்பரங்கள் உலவின. அவற்றை நம்பிப் போனவர்களிடம் ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்யச் சொன்னார்கள். பொத்தானைப் பார்த்தால் கூகுள் பிளே கடைக்குப் போவது போல் இருக்கும். போய்ச் சேரும் இடமோ திருடனின் வழங்கி. 2022 ஏப்ரலில் ‘எசெட்’ என்னும் பாதுகாப்பு நிறுவனம் இதை விரிவாக வெளியிட்டது. 7 போலி அகப்பக்கங்கள். குறி வைக்கப்பட்டவர்கள் 8 மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள். செயலிக்குள் கட்டணம் செலுத்த வங்கியின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதினால், ‘தவறான கடவுச்சொல்’ என்று செய்தி வரும். அதற்குள் அவை திருடனிடம் போயிருக்கும். வங்கி அனுப்பும் ‘டேக்’ எண்ணுக்காக, கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையும் அந்தச் செயலி அவனுக்கே அனுப்பிவிடும். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழி வரும் இந்த எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்ததற்கு இத்தகைய மோசடிகளே காரணம்.

இதில் அதிகம் சிக்குபவர் யார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். எஸ்.பி.எம். பழைய சோதனைத் தாள்களைத் தேடி அலைந்த நமக்கு, பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் பதிவிறக்கப் பொத்தான்களுள் எது போலி, எது அசல் என்று கண்டுபிடிக்கும் பழக்கம் உண்டு. நம் பெற்றோருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர்கள் நாளிதழ் விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்கள். பத்திரிகையில் வந்தால் யாரோ ஒருவர் சரிபார்த்துத்தான் போட்டிருப்பார் என்னும் நம்பிக்கையை அப்படியே கைப்பேசிக்கும் கொண்டு வந்துவிட்டார்கள்.

சுங்கைப் பட்டாணிக்கும் பீடோங்கிற்கும் இடையில் உள்ள சுங்கை லாலாங்கில், எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். 30 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பிறகு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறார். தீபாவளிக்கு முன்பு கைப்பேசியில் வந்த ஒரு மலிவு விலைப் புடவை விளம்பரத்தை நம்பி, அவர்கள் சொன்ன செயலியைப் பதிவிறக்கம் செய்தார். வங்கிக் கணக்கில் இருந்த 1,800 ரிங்கிட்டும் போயிற்று. காவல் நிலையத்திற்குத் துணைக்குப் போன என்னிடம் வழியில் ஒன்று கேட்டார். “காசு கட்டித்தானே தம்பி விளம்பரம் போடுறாங்க? அந்தக் காசை வாங்குறவங்க ஆளு யாருன்னு பாக்க மாட்டாங்களா?”

அவர் பார்த்த விளம்பரத்தைக் காட்டியது எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமன்று. அவருடைய கேள்வி இத்துறை முழுவதற்கும் உரியது. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவின் உள் ஆவணங்களைப் பற்றிய செய்தியொன்றை வெளியிட்டது. 2024-ஆம் ஆண்டு வருமானத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு, அதாவது 1,600 கோடி அமெரிக்க டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடை செய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அந்நிறுவனமே கணித்திருந்ததாம். விளம்பரதாரர் மோசடிக்காரர் என்பது குறைந்தது 95 விழுக்காடு உறுதியானால்தான் அவரை நீக்குவார்களாம். அதற்குக் கீழே என்றால், சந்தேகத்திற்குரியவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவார்களாம். அந்தக் கணிப்பு தோராயமானது, மிகைப்பட்டது என்று மெட்டா மறுத்தது. மறுப்பையும் கணக்கில் கொண்டே சொல்கிறேன்: காவலுக்கு நிற்பவன் உள்ளே போகிறவனிடம் கட்டணம் வாங்குகிறான் என்றால், வீட்டுக்காரர் தாமே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதை யாரும் குறை சொல்ல முடியாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. தேடுபொறி விளம்பரங்களில் பிரபல நிறுவனங்களைப் போல் வேடமிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று எச்சரித்த அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது.

தடுப்பான் செய்யும் வேலை எளிமையானது. விளம்பர வழங்கிகளின் முகவரிகள் அடங்கிய பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கும். பக்கம் திறக்கும்போது அம்முகவரிகளுக்குப் போகும் அழைப்புகளை அது நிறுத்திவிடும். அழைப்பே போகாததால் விளம்பரமும் வராது, அதில் ஒளிந்திருக்கும் நிரலும் வராது. 2005 முதல் இயங்கும் ‘ஈஸிலிஸ்ட்’ என்னும் புகழ்பெற்ற பட்டியலைத் தன்னார்வலர்களே பராமரித்து வருகின்றனர். தடுப்பான்களிலும் வேறுபாடு உண்டு. ‘ஆட்பிளாக் பிளஸ்’ 2011 முதல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்று சிலவற்றை அனுமதிக்கிறது. அதற்காகப் பெரிய நிறுவனங்கள் பணம் செலுத்துகின்றன. ‘யூபிளாக் ஆரிஜின்’ அப்படிப் பணம் வாங்குவதில்லை. கூகுள் தன் குரோம் உலாவியின் விதிகளை மாற்றியதால், 2024-இல் தொடங்கி அந்த உலாவியில் ‘யூபிளாக் ஆரிஜின்’ படிப்படியாக முடக்கப்பட்டது. அதன் எளிய வடிவம் ஒன்றுதான் அங்கே மிஞ்சியது. உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனமே உலாவியையும் தயாரித்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா?

இனி, முதல் அணியினரின் கேள்விக்கு வருவோம். எல்லாரும் தடுத்துவிட்டால் எழுதுபவன் எப்படிப் பிழைப்பான்? தமிழுக்கு இது உயிர்நாடியான கேள்வி. 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ், இழப்பைத் தாங்க முடியாமல் 2019 ஜனவரியோடு நின்றுபோனது. கூகுளின் ‘ஆட்சென்ஸ்’ விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். அதுவரை தமிழில் எழுதியவர்களுக்கு அந்த வாசலும் அடைபட்டிருந்தது. அவ்வளவு தாமதமாகக் கிடைத்த சிறு வருமானத்தையும் தடுப்பானைப் போட்டு நாம் பறித்துவிட்டால், அடுத்த தலைமுறைக்குத் தமிழில் படிக்க இணையத்தில் என்ன இருக்கும்?

‘தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டும் தடுப்பானை நிறுத்தி வைப்போம்’ என்று சிலர் சொல்வர். நல்ல எண்ணம்தான். ஆனால், அங்கும் அதே ஏலக் கூடத்திலிருந்துதான் விளம்பரம் வருகிறது. பாசத்தால் கதவைத் திறந்தாலும் நுழைபவன் மாறப்போவதில்லை. என் கருத்து வேறு. இந்த மலரைப் போலவே தமிழ் அகப்பக்கங்களும் விளம்பரங்களை நேரடியாகப் பெற வேண்டும். சுங்கைப் பட்டாணி நகைக்கடையின் விளம்பரத்தை நிரல் இல்லாத வெறும் படமாகத் தம் சொந்த வழங்கியில் வைக்கலாம். பெரும்பாலும் தடுப்பான்கள் அதைத் தொடுவதில்லை. தவறு நேர்ந்தால் கேட்பதற்கு ஆளும் உண்டு. வாசகராகிய நாமும் நம் பங்கைச் செலுத்த வேண்டும். மாதம் ஒரு தே தாரிக் காசை நாம் விரும்பிப் படிக்கும் ஒரு தமிழ்ப் பக்கத்திற்கு நேரடியாகச் சந்தாவாகக் கொடுக்கலாமே! தடுப்பானையும் போட்டுவிட்டு, சந்தாவும் கொடுக்காமல், ‘தமிழ் வாழ்க’ என்று முழங்குவதில் பொருளில்லை.

அரசாங்கத்தின் கடமையும் உண்டு. 80 இலட்சம் பயனர்களுக்கு மேல் கொண்ட சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்னும் விதி 2025 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. உரிமத்தோடு கேள்வி முடிந்துவிடக் கூடாது. விளம்பரத்திற்குப் பணம் கட்டுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்காத நிறுவனம், அந்த விளம்பரத்தால் வந்த இழப்பில் பங்கு ஏற்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். பெரியம்மாவின் கேள்விக்கு நேர்மையான விடை அது ஒன்றுதான்.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது வீட்டில் உள்ளவர்களின் கைப்பேசியை அரை மணி நேரம் வாங்குங்கள். ஆண்டிராய்டு கைப்பேசியில் ‘ஃபயர்ஃபாக்ஸ்’ உலாவியையும் அதில் ‘யூபிளாக் ஆரிஜின்’ நீட்சியையும் நிறுவிக் கொடுங்கள். பிளே கடைக்கு வெளியிலிருந்து செயலிகளை நிறுவ அனுமதிக்கும் அமைப்பை அடைத்து வையுங்கள். முகநூல் போன்ற செயலிகளுக்குள் வரும் விளம்பரத்தை எந்த உலாவித் தடுப்பானும் நிறுத்தாது. ஆகவே, விளம்பரம் கொடுக்கும் இணைப்பிலிருந்து எந்தச் செயலியையும் இறக்கக் கூடாது என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் பொறுமையாகச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் உடனே அழைக்க வேண்டிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997 என்பதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். நம்மைப் படிக்க வைக்க மரம் வெட்டியவர்களுக்கு நம் படிப்பு இதற்காவது பயன்படட்டும்.