வெள்ளம் கண்ட கார்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியொன்று கழுவித் துடைக்கப்பட்டு, அத்தர் மணக்க வந்து நிற்கிறது. சொந்தக்காரரே நேரில் விற்கிறார், தரகு மிச்சம் என்ற மகிழ்ச்சியில் யார் ஆராய்வது? மின்கம்பி இணைப்புகளில் களிம்பு மெள்ள மெள்ளத்தான் பிடிக்கும். கோளாறு தலைகாட்டுவதற்குள் விற்றவர் பணத்தோடு போயிருப்பார். வாங்கியவரோ சீட்டுப் பணத்தை மெக்கானிக்கிடம் கொட்டிக்கொண்டிருப்பார்.

தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல், ஆசனங்களின் அடி இரும்பில் துரு, பெல்ட்டை முழுக்க இழுத்தால் சேற்றுக் கறை - இவற்றை மறைப்பது கடினம்.

பதிவுச் சான்றிதழிலோ இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. வெள்ளச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு பெற்ற வண்டி என்றால், அதை அச்சான்றிதழிலேயே குறிக்கும்படி அரசாங்கம் ஏன் உத்தரவிடக்கூடாது?